போட் இழுக்க ட்ரக் வாங்கப் போறீங்களா: 5.5 அடி பெட்டா, 6.5 அடியா, 8 அடியா?

ஹூஸ்டன் பக்கம் நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப போட் வாங்குறாங்க. முதல்ல ஒருத்தர் வாங்குவார், ரெண்டு வாரக்கடைசி அவர்கூட கால்வெஸ்டன் பேல போய் ரெட்ஃபிஷ் பிடிச்சுட்டு வந்ததும் கூடப் போன நாலு குடும்பத்துக்கும் ஆசை வந்துடும், அப்புறம் எல்லாருக்கும் ஒரே கேள்விதான், இதை இழுக்க எந்த ட்ரக் வாங்குறது, பெட், அதாவது பின்னாடி சாமான் ஏத்தற திறந்த தொட்டி, எவ்வளவு நீளம் எடுக்குறதுன்னு. போன மாசம் மட்டும் மூணு பேர் எனக்கு போன் பண்ணி இதையே கேட்டாங்க. போன்ல அரைமணி நேரம் பேசுனாலும் பாதி விட்டுப்போகுது, அதான் உக்காந்து முழுசா எழுதிடலாம்னு.

நான் எதை வச்சு பேசுறேன்னு முதல்லயே சொல்லிடுறேன். என்கிட்ட இருக்கறது 22 அடி பே போட், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, 200 குதிரை அவுட்போர்டு, ரெண்டு ஆக்ஸில் அலுமினிய ட்ரெய்லர். டேங்க் நிரப்பி, ஐஸ் பெட்டி தவிர எல்லா சாமானும் போட்டு, ட்ரக் ஸ்டாப்ல இருக்கற கேட் ஸ்கேல்ல எடை போட்டப்ப போட்டும் ட்ரெய்லரும் சேர்ந்து 4,900 பவுண்டு வந்துச்சு. இதை இழுக்கறது 5.5 அடி பெட் வச்ச ஃபோர்டு எஃப்-150 க்ரூ கேப், அதாவது நாலு முழுக் கதவு இருக்கற கேபின். என் மச்சான்கிட்ட அதே எஃப்-150, அதே இன்ஜின், ஆனா 6.5 அடி பெட். என் ட்ரக் ட்ரான்ஸ்மிஷன் வேலைக்காக ஷாப்ல நின்ன ஆறு வாரமும் அவர் ட்ரக்லதான் என் போட்டை இழுத்தேன், அதனால ஒரே போட், ஒரே ரோடு, ஒரே கை, ரெண்டு பெட்டு, இந்த வித்தியாசத்தை நேரா பாக்குற வாய்ப்பு கிடைச்சுது.

முதல்ல ஒரு தப்பான நம்பிக்கையை உடைக்கணும். "டோயிங்னா லாங் பெட்தான்"னு யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, நான் ட்ரக் பாக்கப் போன டீலர்கிட்டயும் சேல்ஸ்ல இருந்தவர் அதையே சொல்லி 8 அடி பெட் பக்கம் தள்ளிக்கிட்டே இருந்தார். இந்தப் பேச்சு எங்கேர்ந்து வந்துச்சுன்னா ஃபிஃப்த் வீல், கூஸ்நெக் ட்ரெய்லர்லேர்ந்து. அந்த ட்ரெய்லர் எல்லாம் பின்னாடி பம்பர்கிட்ட மாட்டாது, ட்ரக் பெட்டுக்கு உள்ள, பின் ஆக்ஸிலுக்கு மேல வந்து உக்காரும். நல்லா ஒடிச்சு ரிவர்ஸ் எடுக்கும்போது ட்ரெய்லரோட முன் மூலை திரும்பி ட்ரக் கேபின் பின்கண்ணாடிக்கு பக்கத்துல வரும், பெட் குட்டையா இருந்தா இடிச்சே போகும், அதனால அங்க 8 அடி பெட் வேணும், இல்லன்னா சறுக்கி நகர்ற மாதிரி ஹிட்ச் மாட்டணும். போட் ட்ரெய்லர் அப்படி இல்லையே. அது பம்பருக்குக் கீழ இருக்கற ரிசீவர்ங்கற சதுரக் குழாய்ல மாட்டின பால், அதாவது இரும்பு உருண்டை, மேல உக்காருது. பெட் 5 அடியா இருந்தாலும் 8 அடியா இருந்தாலும் போட்டோட மூக்கு கேபின் பக்கம் வரவே வராது. அதனால ஆர்வி, அதாவது வீடு மாதிரி தங்கற ட்ரெய்லர், இழுக்கறவங்க சொல்ற அறிவுரையை அப்படியே எடுத்து போட்டுக்குப் போடாதீங்க.

அப்ப பெட் நீளத்துக்கும் போட் இழுக்கறதுக்கும் சம்பந்தமே இல்லையான்னா, இருக்கு, ஆனா சுத்தி வளைச்சு இருக்கு. ட்ரெய்லருக்குத் தெரியறது பெட் நீளம் இல்ல, வீல்பேஸ், அதாவது முன் சக்கர நடுவுக்கும் பின் சக்கர நடுவுக்கும் உள்ள தூரம். அந்த தூரத்தை பெட் மட்டும் தீர்மானிக்கறதில்ல, கேபினும் சேர்ந்துதான் தீர்மானிக்குது. எஃப்-150யவே பாருங்க. 2021லேர்ந்து வர்ற மாடல்ல க்ரூ கேப் 5.5 அடி பெட்டுக்கு வீல்பேஸ் 145.4 இன்ச். ரெண்டு கதவு மட்டும் இருக்கற ரெகுலர் கேப்ல 8 அடி பெட் எடுத்தா 141.5 இன்ச்தான்! பெட் ரெண்டரை அடி கூடுதல் நீளம், ஆனா வீல்பேஸ் குட்டை. பின்னாடி குட்டிக் கதவு வச்ச சூப்பர் கேப்ல 6.5 அடி பெட் எடுத்தா மறுபடி அதே 145.4. கம்பெனிக்காரன் ஒரே சட்டத்தை வச்சுக்கிட்டு, கேபினுக்குக் குடுக்கற இடத்தை பெட்லேர்ந்து எடுக்கறான், அவ்வளவுதான். அதனால "எனக்கு 6.5 அடி பெட்"னு மட்டும் சொன்னா அதுல டோயிங் பத்தி ஒண்ணுமே தெரியாது, எந்த கேபின்ல 6.5ன்னு சேர்த்துச் சொன்னாதான் அர்த்தம் வரும்.

குடும்பஸ்தங்க வாங்கப் போறது எப்படியும் க்ரூ கேப்தான். ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்து ஆறு மாசம் தங்குவாங்க, எழுபது வயசுக்காரரை சூப்பர் கேப்போட பின்சீட்டுல மடக்கி உக்கார வைக்க முடியாது, குழந்தைங்க கார் சீட்டும் அதுல ஒழுங்கா உக்காராது. அதனால உண்மையான போட்டி க்ரூ கேப் 5.5க்கும் க்ரூ கேப் 6.5க்கும்தான். எஃப்-150ல 145.4க்கு எதிரா 157.2 இன்ச். சில்வராடோல 147.4, 157. ராம் 1500ல 144.6, 153.5. டண்ட்ரால 145.7, 157.7. எந்தக் கம்பெனி எடுத்தாலும் வித்தியாசம் 9லேர்ந்து 12 இன்ச்சுக்குள்ளதான் வருது.

இதுல நான் ரொம்ப நாள் கவனிக்காம விட்ட ஒரு விஷயம் இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கிட்டதும் மீதி எல்லாம் தானா விளங்குச்சு. எஃப்-150 க்ரூ கேப்ல 5.5லேர்ந்து 6.5க்குப் போனா வண்டியோட மொத்த நீளம் 231.7லேர்ந்து 243.5 இன்ச் ஆகுது, கூடுனது 11.8. வீல்பேஸ் 145.4லேர்ந்து 157.2, கூடுனது அதே 11.8. அப்படின்னா கூடுன அந்த ஒரு அடியும் பின் ஆக்ஸிலுக்கு முன்னாடிதான் சேருது. ஆக்ஸிலுக்குப் பின்னாடி தொங்கற வால் பகுதி ஒரு இன்ச் கூட நீளல. ட்ரெய்லர் பால் ஆக்ஸில்லேர்ந்து எவ்வளவு தூரம் பின்னாடி இருக்கோ அதுதான் ட்ரெய்லர் ட்ரக்கை ஆட்டறதுக்குக் கையில வச்சிருக்கற நெம்புகோல். அது மாறாம, எதிர்த்துப் பிடிக்கற பக்கம், அதாவது வீல்பேஸ், மட்டும் நீளுது. பெட் நீளுனா வண்டி நிதானமாகறதுக்குக் காரணம் இதுதான்.

எவ்வளவு நிதானம்னு கணக்கு போட்டுப் பாத்துடலாம். என் ட்ரக்ல பின் சக்கர நடுவுலேர்ந்து பால் வரைக்கும் டேப் வச்சு அளந்தேன், சுமார் 60 இன்ச். ட்ரெய்லர் மூக்கு பால் மேல 500 பவுண்டு அழுத்துதுன்னு வச்சுக்கோங்க. சீசா பலகை மாதிரி, பின்னாடி அழுத்தும்போது முன் சக்கரத்து எடை குறையும், அது 5.5 பெட்ல 206 பவுண்டு, 6.5 பெட்ல 191 பவுண்டு. வித்தியாசம் வெறும் 15 பவுண்டு, ரெண்டு கேலன் பால் கேன் எடைக்குக் கூட வராது. ஸ்டியரிங் லேசாயிடும், ப்ரேக் பிடிக்காதுன்னு பயமுறுத்தறவங்க பேச்சை இந்த ஒரு கணக்கை வச்சே தள்ளிடலாம். பக்கவாட்டுல தள்ளறதுலதான் கொஞ்சம் தெரியும், ட்ரெய்லர் பாலைப் பக்கவாட்டுல ஒரு இழுப்பு இழுத்தா முன் சக்கரம் அதைச் சமாளிக்க எடுக்கற பாடு நீள வீல்பேஸ்ல சுமார் 7, 8 சதவீதம் கம்மி.

அந்த 7, 8 சதவீதம் கையில எப்படித் தெரியும்னா, சொல்றேன். ஐ-45ல கால்வெஸ்டன் காஸ்வே பாலம் ஏறும்போது ரெண்டு பக்கமும் வெறும் தண்ணி, காத்து குறுக்கால அடிக்கும், பக்கத்து லேன்ல பதினெட்டு சக்கர லாரி ஒண்ணு தாண்டிப் போகும். என் 5.5 ட்ரக்ல அந்த லாரியோட மூக்கு நம்ம ட்ரெய்லர்கிட்ட வந்ததும் பின்பக்கம் லேசா அந்தப் பக்கம் இழுக்கும், அப்புறம் லாரி தாண்டுனதும் இந்தப் பக்கம் ஒரு தள்ளு, ஸ்டியரிங்ல ஒரு விரல் அகலத்துக்குத் திருத்திக்கிட்டே போகணும். மச்சான் ட்ரக்லயும் அதே இழுப்பு, அதே தள்ளு வருது, ஆனா மெதுவா வருது, நான் திருத்தறதுக்குள்ள வண்டி தானே பாதி திருத்திக்குது. ஆபத்து, பாதுகாப்புங்கற அளவு வித்தியாசம் இல்ல இது. ஒரு மணி நேரம் ஓட்டி இறங்கும்போது தோள்பட்டை எவ்வளவு இறுகியிருக்குங்கற வித்தியாசம். நாப்பது மைல் போறவனுக்கு இது பெரிய விஷயமில்ல, ஹூஸ்டன்லேர்ந்து போர்ட் அரான்சஸ் வரைக்கும் இழுத்துட்டுப் போறவனுக்கு இது பெரிய விஷயம்.

ஆர்வி ஆளுங்ககிட்ட ஒரு கைக்கணக்கு இருக்கு, 110 இன்ச் வீல்பேஸுக்கு 20 அடி ட்ரெய்லர், அதுக்கு மேல ஒவ்வொரு 4 இன்ச்சுக்கும் ஒரு அடி கூட்டிக்கலாம்னு. அதன்படி 145 இன்ச்சுக்கு 28 அடிக்கு மேல வரும், 157க்கு 31 அடிக்கு மேல. அந்தக் கணக்கு பெட்டி மாதிரி நிக்கற ட்ராவல் ட்ரெய்லருக்குப் போட்டது, போட் அதைவிடத் தாழ்வு, மூக்கு கூரா இருக்கறதால காத்தைக் கிழிச்சுட்டுப் போகும். அதனால ட்ரெய்லரோட நாக்கு, அதாவது பால்ல மாட்டற முன்முனை, முதல் வால் வரைக்கும் அளந்தா 28 அடிக்குள்ள இருக்கற எந்த போட் ட்ரெய்லருக்கும் 5.5 அடி பெட் க்ரூ கேப் போதும்னு நான் தைரியமா சொல்லுவேன். நம்ம ஆளுங்க வாங்குற போட் பெரும்பாலும் 19லேர்ந்து 23 அடி. டோயிங்குக்காக மட்டும் 6.5 எடுக்க வேண்டிய கட்டாயம் உங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு இல்ல.

சரி, இப்ப எதிர்ப்பக்கம். நீளம் கூடுனா எங்க வலிக்கும்? முதல்ல வீட்டுல. இங்க பழைய சப்டிவிஷன் வீடுகள்ல கராஜ் ஆழம் பொதுவா 20 அடி, அதாவது 240 இன்ச். 5.5 பெட் க்ரூ கேப் 231.7 இன்ச், உள்ள போகும், முன்னாடி பின்னாடி சேர்த்து எட்டு இன்ச் மிச்சம். 6.5 பெட் 243.5, கதவு மூடாது, மூணரை இன்ச் வெளிய நிக்கும். கராஜ்ல வாட்டர் ஹீட்டர் மேடையோ அலமாரியோ இருந்தா 5.5க்கே சந்தேகம்தான். நான் ட்ரக் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை காலையில டேப்பும் பொண்ணோட சாக்பீஸும் எடுத்துக்கிட்டு ட்ரைவ்வேல ரெண்டு செவ்வகம் போட்டேன், ஒண்ணு 231.7, ஒண்ணு 243.5, அகலம் கண்ணாடியோட சேர்த்து எட்டடி. சின்னக் கட்டத்துல நின்னா பின்பக்கம் நடைபாதைக்கு ஒரு சாண் முன்னாடி முடியுது, பெரிய கட்டம் நடைபாதை மேலயே ஏறி நிக்குது. எங்க ஹெச்ஓஏல, அதாவது குடியிருப்பு வீட்டுக்காரங்க சங்கத்துல, நடைபாதையை மறிச்சு வண்டி நிறுத்தினா லெட்டர் வரும், ரெண்டாவது லெட்டர்ல அபராதம். கண்ணால பாத்ததும் முடிவு அங்கயே ஆயிடுச்சு, நான் 5.5 எடுத்தேன். எந்த வீடியோ பாத்தும் வராத தெளிவு அந்த சாக்பீஸ் கோட்டுல வந்துச்சு, நீங்களும் தயவுசெஞ்சு இதைச் செஞ்சு பாருங்க.

அடுத்து திருப்பம். ஒரு அடி வீல்பேஸ் கூடுனா வண்டி வட்டம் போட எடுக்கற அகலம் மூணு, நாலு அடி கூடும். ஹெச்இபி மளிகைக்கடை பார்க்கிங்ல ஒரே மூச்சுல நுழையற இடத்துல ரெண்டு மூச்சு ஆகும். போட் மாட்டியிருக்கும்போது இது இன்னும் தெரியும், ஆனா நீங்க நினைக்கற எடத்துல இல்ல. போட்டைத் தண்ணில இறக்கற சரிவு, அதான் ரேம்ப், அங்க தெரியாது, ரேம்ப் முன்னாடி எப்பவும் அகலமான தளம் விட்டிருப்பாங்க. தெரியறது போட் ஸ்டோரேஜ்ல. நம்ம போட்டை வீட்டு முன்னாடி நிறுத்த ஹெச்ஓஏ விடாது, அதனால மாசவாடகைக்கு ஸ்டோரேஜ்ல வைக்கறோம், அங்க ரெண்டு வரிசை போட்டுக்கு நடுவுல இருக்கற சந்துல ட்ரக்கோட மூக்கை ஆட்டிக்கிட்டே ட்ரெய்லரை 90 டிகிரி ஒடிச்சு உள்ள தள்ளணும். என் ட்ரக்ல ரெண்டு தடவை முன்னாடி பின்னாடி போனா உக்காந்துடும். மச்சான் ட்ரக்ல முதல் நாள் அஞ்சு தடவை போனேன், எதிர்வரிசைல நிக்கற போட்டோட ப்ரொப்பெல்லர் என் ஹெட்லைட்டுக்கு ஒரு முழம் தூரத்துல வந்துச்சு. ஆறு வாரம் முடியறப்ப மூணு தடவையாக் குறைஞ்சுது, பழகிடும், ஆனா ஸ்டோரேஜ் சந்து குறுகலா இருந்தா முன்னாடியே போய் அளந்து பாத்துடுங்க.

ரேம்ப் பத்திப் பேசும்போது 6.5க்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லணும். டெக்சஸ் சிட்டி டைக் ரேம்ப்ல தண்ணி இறங்கின நேரத்துல போய்ப் பாருங்க, கான்க்ரீட் கீழ்ப்பாதி முழுக்க பச்சைப் பாசி, கால் வச்சா சறுக்கும். போட்டை மேல இழுக்கும்போது ட்ரக்கோட பின் சக்கரம் சரியா அந்தப் பாசி மேலதான் நிக்கும். டூ வீல் ட்ரைவ்ல மிதிச்சா டயர் சும்மா சுத்தும், பாசி வாசனையோட புகை வரும், அப்படி ஒரு ஆள் பத்து நிமிஷம் நின்னதை நான் பக்கத்துலேர்ந்து பாத்திருக்கேன், கடைசில ஃபோர் வீல் ட்ரைவ் வச்ச இன்னொருத்தர் கயிறு போட்டு இழுத்தார். ஃபோர் வீல்ல முன் சக்கரம்தான் காப்பாத்தும், நீள வீல்பேஸ்ல அந்த முன் சக்கரம் ஒரு அடி மேல, காஞ்ச கான்க்ரீட்டுக்கு ஒரு அடி பக்கத்துல நிக்கும். ஒரு அடிதான், ஆனா பாசிக்கும் காஞ்ச தரைக்கும் நடுவுல சில நாள் அந்த ஒரு அடிதான் இருக்கு. இதுக்காக 6.5 எடுங்கன்னு சொல்ல வரல, இதுக்காக ஃபோர் வீல் ட்ரைவ் எடுங்கன்னு கண்டிப்பா சொல்லுவேன். பெட்டுக்குக் கூடக் குடுக்கற காசை முதல்ல அதுக்குக் குடுங்க.

இனி பெட்டை பெட்டாப் பாக்கலாம், அதாவது சாமான் போடற இடமா. இதுலதான் 6.5 ஜெயிக்குது, நல்லாவே ஜெயிக்குது. எஃப்-150ல 5.5ன்னு சொல்றது உள்ளளவு 67.1 இன்ச், 6.5ன்னு சொல்றது 78.9 இன்ச். 7 அடி மீன் தூண்டில் ரெண்டுலயும் நேரா படுக்காது, ரெண்டுலயும் குறுக்கால மூலைக்கு மூலை வச்சா மூடி போட்டு மூடிடலாம், ஆனா 5.5ல தூண்டிலைக் குறுக்கால வச்சப்புறம் மத்த சாமானுக்கு ரெண்டு முக்கோணம்தான் மிஞ்சும். ஐஸ் பெட்டி, லைஃப் ஜாக்கெட் மூட்டை, ட்யூப், காத்தடிக்கற பம்ப், மடக்கு நாற்காலி நாலு, மதியச் சாப்பாட்டு ஹாட்பேக், குழந்தைங்க மாத்துத் துணி, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, கடைசில வேணுங்கறது எப்பவும் அடியில இருக்கும். ட்ரெய்லர் மாட்டிட்டா இன்னொரு தொல்லை, டெயில்கேட்டை முழுசா இறக்கினா ட்ரெய்லர் ஜாக் மேல இடிக்கும், அதனால பக்கவாட்டுலேர்ந்து எக்கித்தான் எடுக்கணும். இதுல 5.5க்கு ஒரு சின்ன லாபம், உள்ள போன சாமான் கைக்கு எட்டும். 6.5ல ஐஸ் பெட்டி சறுக்கி கேபின் பக்கம் போயிடுச்சுன்னா பையனை உள்ள ஏத்தி விட்டுத்தான் தள்ளச் சொல்லணும்.

ஆனா அந்த ஐஸ் பெட்டி முன்னாடி போறது வண்டிக்கு நல்லது. முன்னமே சொன்னேனே, கூடுன ஒரு அடி ஆக்ஸிலுக்கு முன்னாடி இருக்கு, அங்க 120 பவுண்டு ஐஸ் பெட்டியை வச்சா அதுல ஒரு பங்கு முன் சக்கரத்துக்குப் போகும், ட்ரெய்லர் மூக்கு பின்னாடி அழுத்தறதை அது கொஞ்சம் ஈடுகட்டும். டெயில்கேட் ஓரமா வச்சா நேர்மாறு. எந்த பெட் எடுத்தாலும் கனமானது கேபின் பக்கம், லேசானது பின்னாடி. பெட்ரோல் கேன் விஷயத்துல ஒண்ணு சேர்த்துச் சொல்லணும், ஜெட் ஸ்கிக்கோ கிக்கர்ங்கற சின்ன உதவி மோட்டருக்கோ கேன்ல பிடிக்கறவங்க அதை பெட் மேல வச்சபடி நிரப்பாதீங்க. ப்ளாஸ்டிக் லைனர் மேல நிலைமின்சாரம் சேர்ந்து தீப்பிடிக்கும், கேனை எறக்கி தரையில வச்சு நிரப்புங்க. பெட் பெருசா இருக்கறவங்கதான் சோம்பல்ல மேலயே வச்சு நிரப்பறாங்க, அதான் சொல்றேன்.

போட் இல்லாத நாளையும் யோசிங்க. 4க்கு 8 அடி ப்ளைவுட் ஷீட் 6.5 பெட்ல டெயில்கேட்டை இறக்கினா முழுசா தாங்கும், 5.5ல டெயில்கேட்டைத் தாண்டி ஒரு அரையடி வெளிய நீட்டும், கட்டிட்டு மெதுவா வரணும். வருஷத்துக்கு ரெண்டு தடவை ஹோம் டிப்போ போறவனுக்கு இது பிரச்சினையே இல்ல.

இப்ப பெட் நீளத்தைவிட முக்கியமான ஒரு இடத்துக்கு வர்றேன், ட்ரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒட்டியிருக்கற மஞ்சள் கோடு போட்ட ஸ்டிக்கர். ஆளும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு ஒரு நம்பர் இருக்கும், அதான் பேலோடு. விளம்பரத்துல 11,000, 13,000 பவுண்டு இழுக்கும்னு பெருசாப் போடுவாங்க, ஆனா போட் குடும்பத்துக்கு முதல்ல தீர்றது இந்த பேலோடுதான். என் ட்ரக்ல அது 1,640. நான், மனைவி, ரெண்டு பிள்ளைங்க, அப்பா, அஞ்சு பேரும் சேர்ந்து 630. ட்ரெய்லர் மூக்கு பால் மேல அழுத்தறது 480, அதுவும் ட்ரக் மேல ஏறுற பாரம்தான், இதைத்தான் பலர் கணக்குல எடுக்கறதே இல்ல. ஐஸ் பெட்டி 120, மத்த சாமான் 150, பெட் மூடி 70. கூட்டினா 1,450. பாக்கி 190 பவுண்டு. ஒரு நண்பரைக் கூட்டிட்டுப் போனா அவ்வளவுதான், முடிஞ்சுது. அதே ட்ரிம் (வசதிகளைப் பொறுத்த மாடல் வகை), அதே இன்ஜின்ல பெட்டை நீட்டினா அந்த ஒரு அடி இரும்பும் அலுமினியமும் வண்டி எடையில சேரும், வண்டியோட மொத்த எடை வரம்பை கம்பெனி கூட்டாத வரைக்கும் அது பேலோடுலேர்ந்துதான் கழியும். சன்ரூஃப், பவர் படி, பெரிய சக்கரம்னு ட்ரிம் ஏற ஏறவும் இதே கதைதான். பெரிய பெட் எடுத்து அதுல போட எடை மிச்சமில்லன்னா என்ன பிரயோஜனம்? அதனால ரெண்டு ட்ரக்கை ஒப்பிடும்போது ப்ரோஷரை மூடிட்டு, லாட்ல நிக்கற அந்த ரெண்டு வண்டியோட கதவையும் திறந்து ஸ்டிக்கரை போட்டோ எடுங்க. ஒரே மாடல்ல நூறு, இருநூறு பவுண்டு வித்தியாசம் சாதாரணமா இருக்கும்.

அப்படியே குனிஞ்சு ரிசீவர்ல ஒட்டியிருக்கற லேபிளையும் பாருங்க. பல ட்ரக்ல அங்க ரெண்டு வரி இருக்கும், சும்மா பால்ல மாட்டினா எவ்வளவு, எடையைப் பிரிச்சுக் குடுக்கற ஹிட்ச் போட்டா எவ்வளவுன்னு. போட் ட்ரெய்லர்ல அந்த எடை பிரிக்கற ஹிட்ச் பெரும்பாலும் ஒத்துவராது, நாக்கோட அமைப்பும் சர்ஜ் ப்ரேக்கும் (ட்ரக் நிக்கும்போது ட்ரெய்லர் முன்னாடி தள்ற வேகத்துலயே பிடிக்கற ப்ரேக்) இடிக்கும், அதனால நமக்குப் பொருந்தறது முதல் வரி, சின்ன நம்பர். ப்ரேக்கையும் மறந்துடாதீங்க, டெக்சஸ்ல ட்ரெய்லரும் பாரமும் சேர்ந்து 4,500 பவுண்டு தாண்டினா ட்ரெய்லர்ல ப்ரேக் இருந்தாகணும். சர்ஜ் ப்ரேக் இருந்தா ட்ரக்ல அஞ்சு பின் ப்ளக் வேணும், நாலு பின் மட்டும் இருந்தா ரிவர்ஸ் எடுக்கும்போது ப்ரேக் தானா பிடிச்சுக்கும், ஸ்டோரேஜ் மேட்டுல ரிவர்ஸ் போகாம நின்னு இன்ஜின் கோளாறோன்னு பயந்தவங்க உண்டு.

8 அடி பெட்டைப் பத்தி ரொம்ப எழுத ஒண்ணுமில்ல. எஃப்-150ல அது க்ரூ கேப்போட வர்றதே இல்ல. குடும்பமும் வேணும் 8 அடியும் வேணும்னா எஃப்-250 மாதிரி பெரிய வண்டிக்குப் போகணும், அங்க க்ரூ கேப் 8 அடி பெட் மொத்தம் 266 இன்ச், 22 அடிக்கு மேல, வீல்பேஸ் 176. ரோட்டுல ரயில் மாதிரி நேரா போகும், அது உண்மை, ஆனா நம்ம 5,000 பவுண்டு போட்டுக்கு அது தேவையே இல்ல. 10,000 பவுண்டு ஆஃப்ஷோர் போட் வச்சிருக்கறவர், இல்ல போட்டும் ஃபிஃப்த் வீலும் ரெண்டும் இழுக்கறவர், இல்ல பெட் மேல கேம்பர் ஏத்தறவர், அவங்களுக்கானது அது. அவங்களும் 6¾ அடி பெட்டை முதல்ல பாக்கணும்னுதான் சொல்லுவேன், 160 இன்ச் வீல்பேஸ் அதுலயே வந்துடுது.

சின்ன போட், அதாவது 17, 18 அடி அலுமினிய போட்டோ, ரெண்டு ஜெட் ஸ்கியோ வச்சிருக்கறவங்க டகோமா மாதிரி நடுத்தர ட்ரக்கே போதும். அதுல டபுள் கேப் 5 அடி பெட்டுக்கு வீல்பேஸ் 131.9, 6 அடி பெட்டுக்கு 145.1. பாத்தீங்களா, 6 அடி பெட் டகோமா எடுத்தா பெரிய ட்ரக்கோட 5.5 பெட் வீல்பேஸ் வந்துடுது. நடுத்தர ட்ரக்ல மட்டும் நான் தயங்காம நீள பெட்டுக்கு ஓட்டு போடுவேன், ஏன்னா வண்டியே லேசு, அங்க ஒவ்வொரு இன்ச்சும் நிதானத்துக்கு உதவும். இழுக்கற உச்சவரம்பு 6,500 பவுண்டுதான், ஆனா அதுக்கு முன்னாடியே பேலோடு முடிஞ்சுடும்கறதை மறுபடி சொல்றேன்.

அப்ப பெரிய ட்ரக்ல என் முடிவு என்ன? கராஜ் 20 அடியோ, அபார்ட்மெண்ட் பார்க்கிங்கோ, டவுன்டவுன்ல பல அடுக்கு பார்க்கிங்ல தினமும் ஏறி எறங்கற வேலையோ, இதுல ஒண்ணு இருந்தாலும் 5.5 எடுங்க, 24 அடி வரைக்கும் போட்டுக்கு ஒரு குறையும் வராது, நான் நாலு வருஷமா இழுக்கறேன். வீட்டுல இடம் இருக்கு, மாசத்துக்கு ரெண்டு தடவையாவது நூறு மைலுக்கு மேல இழுக்கறீங்க, குழந்தைங்க வளர வளர சாமானும் வளருதுன்னா 6.5 எடுங்க, அதுல கிடைக்கற நிதானமும் இடமும் ஒவ்வொரு பயணத்துலயும் உங்களுக்குத் தெரியும். ஸ்டோரேஜ் சந்துல கூட ஒரு தடவை முன்னாடி பின்னாடி போறது அதுக்கு நியாயமான விலைதான்.

நாங்க இந்த வருஷம் வீடு மாறிட்டோம். கேட்டிங்கற ஊரைத் தாண்டி, கராஜ் 24 அடி ஆழம், ட்ரைவ்வே நீளம். போன சனிக்கிழமை பழைய டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கிட்டுப் போய் பெரிய கட்டத்தைப் போட்டேன், பொண்ணு டேப்போட மறுமுனையைப் பிடிச்சா. 243.5 இன்ச் கோடு நடைபாதைக்கு ஆறடி முன்னாடியே நின்னுச்சு. திங்கக்கிழமை போய் 6.5க்கு ஆர்டர் குடுத்துட்டு வந்துட்டேன்.